ஊர் மாறாத ஆறு பேர்

கிருத்திகா வேலை செய்த நிறுவனம் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் செயலியை உருவாக்கியிருந்தது. ஓமலூருக்கு அருகில் ஒரு செவிலியரின் பகுதியில் மட்டும் இரண்டு ஆண்டுகளில் ஆறு தாய்மார்கள் ‘ஊர் மாறிவிட்டார்’ என்று நீக்கப்பட்டிருந்தார்கள். ஏனென்று யாருக்கும் புரியவில்லை. செயலியைப் பயன்படுத்துகிறவர்களோடு இருந்து, பார்த்ததை எழுதிக் கொடுப்பது கிருத்திகாவின் வேலை. அவளை அனுப்பினார்கள்.

செவிலியர் மயிலம்மாளின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனாள். இரண்டாவது வாரம் ஒரு வீட்டில் தீபிகா என்ற பெண் தண்ணீர் கொடுத்தாள். வயிறு மேடிட்டிருந்தது. நீக்கப்பட்ட ஆறு பேரில் ஒருத்தி.

வெளியே வந்ததும் கிருத்திகா கேட்டாள். “இவங்க ஊர் மாறவே இல்லையே?”

மயிலம்மாள் வண்டியை எடுக்கவில்லை.

“போன வருசம் கொழந்த பொறந்து மூணாம் நாளு போயிருச்சுங்க. எறந்துருச்சுன்னு போட்டா உங்க போனு இருபத்திரண்டு கேள்வி கேக்கும். கடைசியா எப்பப் பால் குடுத்தீங்க, எந்நேரம் மூச்சு நின்னுச்சு... அன்னைக்கே முடிக்கோணும். மாருல பால் கட்டிக்கிட்டு அழுவுற புள்ளைகிட்ட எப்படிங்க கேப்பேன்? ஊர் மாறிட்டாங்கன்னா ஒண்ணுமே கேக்காது. அந்த ஆறு பேருக்கும் இப்படித்தாங்க போட்டேன்.”

“இப்ப மறுபடி மாசமா இருக்காங்களே?”

“புதுசாச் சேத்தா மொதப் பிரசவம்னு காட்டுது. முன்னால ஒண்ணு போனது டாக்டருக்குத் தெரியாது. நாந்தான் ஒவ்வொரு தடவையும் கூடப் போயிச் சொல்றேன்.”

கிருத்திகா நோட்டை மூடினாள். “இதை எழுதினா, பேரை மறைச்சாலும் நீங்கதான்னு தெரிஞ்சுரும்.”

மயிலம்மாள் வண்டிச் சாவியைத் திருகினாள். “எழுதுங்க சாமி. அதுக்கு முன்னால ஆறு பேரையும் சரியாச் சேத்துருவோம்.”

இரண்டு நாள் அந்த ஆறு வீடுகளுக்கும் போனார்கள். மயிலம்மாள் கேள்விகளைப் படிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தாள். தாய்மார்கள் தாங்களாகவே சொன்னார்கள். ஒருத்தி மட்டும் கதவைத் திறக்கவில்லை.

கிருத்திகாவின் அறிக்கை போய் நான்கு மாதத்தில் செயலி மாறியது. இறப்பைப் பதிந்தால் இப்போது தேதி மட்டும் கேட்கும்; மற்றதை ஒரு மாதத்துக்குள் சொல்லலாம். பொய்த் தகவல் பதிந்ததற்காக மயிலம்மாளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு அவளை மேச்சேரிப் பக்கம் மாற்றினார்கள்.

கிருத்திகா போனில் அழைத்தாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கி அழுதுவிட்டாள்.

“அழுவாதீங்க,” என்றாள் மயிலம்மாள். “தீபிகாவுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்குது. டாக்டரு முன்னாடியே எல்லாம் போனுல பாத்துட்டுத் தயாரா இருந்தாராம். கூடப் போயி நான் ஒண்ணும் சொல்லலீங்க.”