நரிக்கு எந்தத் தோட்டா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வடக்கு ஸ்லோவாக்கியாவில், காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், வேட்டைச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். துப்பாக்கியும் தோட்டாவும் கடைக்காரன் வெண்டெலின் பொறுப்பு. எனக்குப் பூட்ஸும் காலுறையும். நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும், வேண்டாமென்றாலும் கேட்கும். கதை அப்படி வந்ததுதான்.

எப்படித் தொடங்குவதென்று எழுதி எழுதிப் பார்த்தேன்.

பனி மூடிய பீச் மரக் காட்டில் ஒரு நரி தன்

வேண்டாம். அந்த நரியை நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் யாருமே பார்த்ததில்லை.

இம்ரிஹ் மாமா ஒரு காலத்தில் இந்த மாவட்டத்திலேயே குறி தப்பாத

இதுவும் வேண்டாம். இந்த ஊரில் எல்லா வேட்டைக்காரரும் தங்களைப் பற்றி இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், பிளம் சாராயம் கொஞ்சம் உள்ளே போனதும்.

மிஞ்சியது இம்ரிஹ் மாமா வியாழக்கிழமைதோறும் கடைக்கு வந்ததும் கேட்கும் கேள்வி. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

"நரிக்கு எந்தத் தோட்டா நல்லது, வெண்டெலின்?"

"வாங்க மாமா. காட்டுக்குள்ளயா, வெட்டவெளியிலயா?"

"காட்டுக்குள்ள. அறுபது எழுபது மீட்டர் தாண்டாது. சின்னதாக் குடு. மானுக்குப் போடுறதை நரிக்குப் போட்டா, அப்புறம் வாலை மட்டும்தான் பொறுக்கணும்."

"அப்போ ஹார்னெட் ரகத் தோட்டாதான். சத்தம் கம்மி, தோள்லயும் இடிக்காது."

"இருநூத்தி இருபத்திரெண்டு?"

"அது வேகம் மாமா. தூரத்துக்கு நூல் பிடிச்ச மாதிரி போகும். ஆனா தோலைக் கிழிச்சிடும். காட்டுக்குள்ள அவ்வளவு வேகத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"புதுசா பதினேழுன்னு ஒண்ணு வந்திருக்காமே?"

"அதை எலிக்கு வச்சுக்கங்க. காத்தடிச்சா பக்கத்து ஊருக்குப் போயிடும்."

"உங்கப்பன் இருந்திருந்தா இந்நேரம் பெட்டியைக் கையில குடுத்து அனுப்பியிருப்பான். நீ பேசியே கடையைச் சாத்திடுவ."

"எங்கப்பா இருந்திருந்தா உங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டார். பூட்ஸ்ல சேத்தைப் பாருங்க."

இம்ரிஹ் மாமா சிரிப்பார். ஹார்னெட் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டுவார்.

"மூக்கு மெத்துன்னு இருக்கறதாக் குடு. உள்ள போய் விரிஞ்சு அங்கயே நின்னுடணும். குறுக்க ஒரு குச்சி இருந்தா?"

"குச்சில பட்டா எங்க போகும்னு அதுக்கே தெரியாது. குச்சி இல்லாத இடமாப் பார்த்துச் சுடுங்க."

"காட்டுல ஏதுடா குச்சி இல்லாத இடம்?"

இவ்வளவும் ஆனபிறகு, பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் அவர் மனைவி ஹெர்மீனா அத்தை கைப்பையைத் துழாவுவார். "அடடா, உன் லைசென்ஸ் அட்டையை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் வாங்கிக்கலாம் இம்ரிஹ், வா."*

போய்விடுவார்கள். அடுத்த வியாழக்கிழமை வருவார்கள். இதே கேள்வி, இதே பதில், இதே அட்டை.

*அந்த அட்டை வீட்டில் இல்லை. எங்கேயும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தபிறகு அதிகாரிகள் அதை ரத்துசெய்துவிட்டார்கள், துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார்கள். வெண்டெலினுக்கு இது தெரியும். ஹெர்மீனா அத்தை கேட்டுக்கொண்டதால்தான் வாராவாரம் புதிதாகப் பேசுகிறான்.

3

எழுதத் தெரிந்தவர்கள் அடுத்ததைக் கடைசிவரை மறைத்து வைப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. மறைத்தால் நீங்கள் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருவீர்கள்.

இம்ரிஹ் மாமாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. போன இலையுதிர் காலத்தில், அது இவ்வளவு முற்றாதபோது, நரி சுடப் போனார். கூடவே ரிஷ்கா. அவருடைய நாய். குட்டைக் கால், நீள உடம்பு, நரியின் நிறம். வளைக்குள் புகுந்து நரியை வெளியே துரத்துவது அதன் வேலை. அன்று வளைக்குள் நரி இல்லை. ரிஷ்கா வேறொரு பொந்து வழியாக வெளியே வந்தது. மங்கல் வெளிச்சத்தில் புதருக்குள் செம்பழுப்பாக ஏதோ அசைந்தது. அவர் சுட்டார். ஹார்னெட்தான். குறி தப்பவில்லை.

மறுநாள் காலை ரிஷ்காவின் தட்டில் ரொட்டியை ஊறவைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டார். ஹெர்மீனா அத்தை நடந்ததைச் சொன்னார். இம்ரிஹ் மாமா படியிலேயே உட்கார்ந்து அழுதார். அடுத்த நாளும் தட்டோடு நின்று கூப்பிட்டார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மறுபடி, முதல்முறை கேட்பதுபோலவே, அழுதார். அதற்கும் அடுத்த நாள் அத்தையால் முடியவில்லை.

"வளைக்குள்ள போச்சு, நரி கடிச்சுக் கொன்னுடுச்சு" என்றார்.

இம்ரிஹ் மாமா அழவில்லை. கோபம்தான் வந்தது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கே என்றதற்கு, தோட்டா வாங்க என்றார்.

4

இந்த இடத்தில் இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. உண்மை ஒரு நாள்கூட நிற்காத மண்டையில் பொய் மட்டும் வாரக்கணக்கில் எப்படி நிற்கிறது? நானாக எழுதியிருந்தால் இதைத் திருத்தியிருப்பேன். (எழுதலாமா என்று வெண்டெலினைக் கேட்டேன். "பேரையெல்லாம் மாத்திடு" என்றான். மாற்றிவிட்டேன்.)

இன்னொன்றும் இடிக்கிறது. அன்று மாலை அவர் நாய் இல்லாமல் திரும்பியதும், அத்தை சொல்லி, ரிஷ்காவைத் தேடித் தூக்கிவரப் போனவன் வெண்டெலின்தான். நாய் பக்கவாட்டில் படுக்கவைக்கப்பட்டிருந்ததாம். வாயில் ஒரு கொத்து ஊசியிலைத் தழை.

இங்கே மானைச் சுட்டால் அதன் வாயில் தழை வைப்பார்கள். கடைசிக் கவளம் என்று பேர். முதல்முறை பார்த்தபோது எனக்கு நம்மூர் வாய்க்கரிசிதான் ஞாபகம் வந்தது. ஆனால் நரிக்கு அந்த மரியாதை கிடையாது. நரியைச் சுட்டோம் என்று நினைப்பவன் தழை ஒடிக்க மாட்டான். நாய்க்கு வைக்கும் வழக்கமும் கிடையாது. அவராகத்தான் வைத்திருக்கிறார்.

"அந்த நேரத்துல தெரிஞ்சிருக்கு. அப்புறம் மறந்துட்டார்" என்றான் வெண்டெலின்.

நானும் போன வியாழன்வரை அப்படித்தான் நினைத்தேன்.

5

அன்று கேள்வி, ஹார்னெட், பதினேழு எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரன் மூடிவிடுவான் என்று ஹெர்மீனா அத்தை பன் வாங்க ஓடினார். கதவு சாத்தியதும் இம்ரிஹ் மாமா கையிலிருந்த தோட்டாவைப் பெட்டியில் வைத்தார்.

"உள்ள வச்சுப் பூட்டுடா. இன்னிக்குத் தெளிவா இருக்கு."

"எது மாமா?"

"எல்லாம்தான். ரிஷ்காவை நான்தான் சுட்டேன்."

வெண்டெலின் பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினான்.

"தினமும் இப்படி இருக்காது. சில வாரம் நிஜமாவே நரியைத் தேடிட்டுத்தான் வர்றேன். தெரிஞ்ச வாரமும், தேடுற மாதிரியே வந்துடுறேன்."

"எதுக்கு மாமா?"

"அந்தப் பொய்யைச் சொன்னப்போ அவ மூஞ்சியை நீ பார்க்கல. ஜபம் பண்றவ அவ. சாமிக்குப் பயந்தவ. எனக்காகச் சொன்னா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பொய் சொன்னதுக்கு இருந்த அந்த ஆறுதலும் அவளுக்குப் போச்சு. அவகிட்ட மூச்சு விடாத." என் பக்கம் திரும்பினார். "உனக்கும்தான் சொல்றேன், பூட்ஸ் பொண்ணு. உனக்குக் காது நீளம்."

நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு இன்னொன்று கேட்டார்.

"ஹார்னெட் சின்னத் தோட்டாதானே. உடனே போயிருக்கும்ல?"

"உடனே மாமா. சத்தம் காதுல விழறதுக்கு முன்னாடியே" என்றான் வெண்டெலின். அது உண்மையும்கூட.

6

பன் பையோடு ஹெர்மீனா அத்தை வந்தார். இம்ரிஹ் மாமா உடனே, "இருநூத்தி இருபத்திரெண்டையும் ஒரு தடவை காட்டேன்" என்றார். எவ்வளவு நன்றாக நடித்தார் தெரியுமா! அல்லது அதற்குள் மறந்துவிட்டாரா? எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது.

அத்தை என் பக்கம் வந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையைக் கையில் எடுத்தார். அதைப் பார்க்கவில்லை.

"அவர் கண்ணு சிவந்திருக்கு. நான் போனதும் என்ன சொன்னார்?"

நான் மற்றக் காலுறைகளை அளவு பார்த்து அடுக்கினேன்.

"அவருக்குத் தெரியும்னா சொல்லிடும்மா. வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அந்த நாய்க்காக ஒரே ஒரு தடவை அழுதுக்கறோம். நான் இன்னும் அழவே இல்ல, தெரியுமா? அவர் நரி மேல கோபப்படறார், நானும் கூடவே கோபப்படறேன். அழ எனக்கு இடமே இல்ல. தெரியாதுன்னா, சரி. சாகற வரைக்கும் நரின்னே சொல்லிட்டுப் போறேன்."

(இதற்குமேல் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். ஒரு முடிவில் நான் சொல்லிவிடுகிறேன். இருவரும் அழுகிறார்கள். மறுநாள் காலை அவர் தட்டோடு வாசலில் நிற்கிறார். இன்னொன்றில் நான் சொல்லவில்லை. இரண்டு நல்லவர்கள் ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தனித்தனியாகக் கடைசிவரை. மூன்றாவதில் வெண்டெலின் சொல்கிறான். அது என் கோழைத்தனம்.)

சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை எதையும் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். ஆனால் இனி எழுத ஒன்றும் மிச்சமில்லை; கதை அந்த வியாழக்கிழமைக் கடைக்குள்ளேயே வந்து நிற்கிறது. அலமாரிக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. இம்ரிஹ் மாமா இங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தையும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

என்ன சொல்லட்டும்?