நாலு காய்

பெற்றோர் வரும் நாள் காலையில், பள்ளி லேபின் முதல் கணினியைப் போட்டதுமே மஹீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரை முழுக்க மஞ்சள் பளபளப்போடு ஒரு பலகை விரிந்தது. பின்னால் பாட்டு ஓடியது. மேலே 'சௌமியா, எட்டாம் வகுப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சௌமியா எழுதிய விளையாட்டில் பாட்டும் கிடையாது, பளபளப்பும் கிடையாது. வெறும் கட்டங்கள், சிவப்புக் காய், நீலக் காய், அவ்வளவுதான். மேலேயிருந்து காயைப் போட்டால் கீழே போய் உட்காரும். ஒரே நிறத்தில் நாலு காய் படுக்கையாகவோ நெடுக்காகவோ மூலைவாட்டமாகவோ வரிசையாக நின்றால் ஜெயித்ததாக அர்த்தம். மஹீன் பக்கத்துக் கணினியைப் போட்டாள். அதே மஞ்சள், அதே பாட்டு, பெயர் மட்டும் வேறு. அதற்கடுத்ததும் அப்படியே.

நிரலாக்க வகுப்பு நடத்துகிற கம்பெனியிலிருந்து வரும் சிவபிரகாஷ் வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு மாத்துனது?"

"நான்தாங்க மேடம். கரஸ்பாண்டண்ட் சார் சொன்னாருங்க. பசங்க எழுதுனதுல பாதி ஓடல. பேரன்ட்ஸ் முன்னாடி பல்லைக் காட்டுச்சுன்னா நல்லாவா இருக்கும்? கம்பெனி கேமையே எல்லா சிஸ்டத்துலயும் போட்டுட்டனுங்க."

"புள்ளைங்க எழுதுனது எங்க?"

"அதே பேருல அது மேலயே போட்டுட்டனுங்க."

பலூன் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னான். மஹீனுக்கு அவனை அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ராசிபுரத்துக்கு இரண்டு பஸ் மாறி இந்தப் பள்ளிக்கு வருகிறவள் அவள். கம்ப்யூட்டர் டீச்சர் என்று பெயர்தான். நிரலாக்கம் கம்பெனிக்காரன் பாடம். அவளுக்கு லேப் சாவியும், பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிற வேலையும்தான். ஆனால் மதியச் சாப்பாட்டு வேளையில் லேப் அவள் கையில் இருக்கும். அரைப் பரீட்சை முடிந்ததிலிருந்து சௌமியா டப்பாவை அவசரமாக மூடிவிட்டு ஓடி வருவாள். ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு எப்படிப் போவது, ஒரே நிறமா என்று எப்படிப் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு எழுதுவாள். படுக்கை வரிசை வந்தது. நெடுக்கு வந்தது. வலப்பக்கம் இறங்குகிற மூலைக்கோடும் வந்தது. இடப்பக்கம் இறங்குகிற கோட்டில்தான் சிக்கல். இடது ஓரத்தை எட்டியதும் நிற்காமல், நிரல் சுவரைத் தாண்டி வலது ஓரத்திலிருக்கிற காயையும் சேர்த்து எண்ணிவிடும். வரிசையே இல்லாத இடத்தில் 'ஜெயிச்சாச்சு' என்று கத்தும். ஏன் என்று மஹீனுக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனபோது அந்தப் பெண் இரண்டு கையாலும் திரையை மறைத்துக்கொண்டாள்.

"சொல்லீராதீங்க மிஸ். நானே கண்டுபுடிக்கறேன்."

சொல்லவில்லை. தாளைக் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை அடுக்கி, அந்தப் பெண் தவித்ததை எத்தனையோ நாள் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது எவனோ வந்து ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டிருக்கிறான்.

தாளாளர் வெங்கடாசலத்தின் அறைக்குப் போனாள். அவர் மாலைகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார்.

"சார், இது ஏமாத்து வேலை."

"பெரிய வார்த்தையெல்லாம் எதுக்குங்க மேடம்? பெத்தவங்க சந்தோசமாப் போகோணும். வருசத்துக்கு ஒரு நாள். தன் பேரப் பார்த்தாப் புள்ளைகளுக்கும் சந்தோசந்தானுங்களே?"

அவள் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் பெற்றோரோடு லேபுக்குள் வந்துவிட்டிருந்தார்கள். சௌமியா தன் கணினி முன்னால் நின்றிருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"நீங்களா மிஸ் மாத்துனீங்க?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தப்பு இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் மஹீன்தான். அந்தப் பெண் வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

"நான் இல்ல" என்றாள். மேலே சொல்வதற்குள் கூட்டம் நெருக்கியது.

சௌமியாவின் அப்பா மாதையன் கோழிப்பண்ணையில் தீவனம் அரைக்கிற மிஷின் பார்ப்பவர். லீவு போட்டு, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். தாளாளர் கூட்டத்தோடு அந்த மேசைக்கு வந்தபோது அவர் மகள் தோளைத் தொட்டார்.

"சாமி, நாலு காய் சேர்ந்தா எப்படித் தெரியும்னு ஊட்டுல சொன்னியே, அதைச் சொல்லு சாமி."

"இது நான் எழுதுனது இல்லீங்கப்பா."

தாளாளர் சிரித்தார். "கூட்டத்தைப் பார்த்துப் பயந்துக்கிச்சு."

"பயம் இல்லீங்க சார். என்னுதுல பாட்டு இருக்காது. என்னுதுல தப்பு ஒண்ணு இருக்கும். இதுல அது இல்ல."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மஹீனைக் கிளப்பிவிட்டது.

"அது சொல்றது நெசம்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக, கிறீச்சென்று வந்தது. "இங்க இருக்கறது எல்லாமே ஒரே கேம். பேரை மட்டும் மாத்திருக்காங்க. உங்க புள்ளைங்க எழுதுனதை அழிச்சிட்டாங்க. வேணும்னா நீங்களே ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க."

"மேடம், ஆபீஸ் ரூமுக்கு வாங்க."

"இங்கயே சொல்லுங்க சார்."

ஒரு தாய் தன் மகனின் திரையையும் பக்கத்துத் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொருவர் செல்போனில் மகனைப் படம் எடுப்பதை நிறுத்தவேயில்லை.

"ஏனுங்க" என்றார் மாதையன். அவருக்குச் சத்தம் போடத் தெரியவில்லை. "அப்ப எம்புள்ள எழுதினது எங்கீங்க?"

தாளாளர் மஹீன் பக்கம் குனிந்து, "திங்கக்கிழம பேசிக்கலாமுங்க. வந்தீங்கன்னா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "எல்லாரும் சயின்ஸ் ரூம் பாக்கலாம் வாங்க" என்று கூட்டத்தைத் திருப்பினார். பெரும்பாலோர் போனார்கள்.

மஹீனுக்கு வேலை போய்விடும் என்பது புரிந்தது. வாப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பயம் வர வேண்டிய இடத்திலும் கோபமே வந்து நின்றது. இன்னும் பெரிதாகக் கத்தியிருக்கலாம்.

சௌமியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் பலகையை மூடி, வெறும் பக்கத்தைத் திறந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, விசைகள் உடைந்துவிடும் போல அடிக்க ஆரம்பித்தாள். தப்பாக விழுந்த எழுத்தைக் குத்திக் குத்தி அழித்தாள். கண்ணீர் வந்ததைத் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை.

சிவபிரகாஷ் மெல்ல வந்து நின்றான். "கொஞ்சம் தள்ளுங்கண்ணா. சிஸ்டம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொல்லீட்டாருங்க."

மின்சாரப் பெட்டி மாதையனின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சலவைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, பெட்டியின் மேல் நன்றாகச் சாய்ந்து நின்றார்.