காகிதத்தில் மட்டும் பிரிந்தோம்

சட்டப்படி யாவ்ஷெங் என் புருஷன் இல்லை. நான்கு வருஷமாக இல்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் சமைக்கிறார், நான் குறை சொல்கிறேன், எல்லாம் பழையபடிதான். எங்கள் மகன் கல்யாணத்துக்கு முன், மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு வேண்டும் என்று எங்கள் சம்பந்தி வீட்டார் ஒற்றைக் காலில் நின்றார்கள். தம்பதிக்கு இன்னொரு வீடு வாங்க ஷாங்காய் விதியில் இடமில்லை. தனி ஆளென்றால் வாங்கலாம். அதனால் காகிதத்தில் பிரிந்தோம். ஊரில் எத்தனையோ பேர் செய்ததுதான். மகன் குடியேறியதும் மறுபடி பதிவு செய்துகொள்வதாகப் பேச்சு.

மகனுக்குக் குழந்தையே பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. "எப்பய்யா பதிவு ஆபீஸுக்குப் போறது?" என்று கேட்டால், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். மூன்றாவது மாடி லிங்யூவின் புருஷனும் எங்களைப் போலவே காகிதத்தில் பிரிந்துவிட்டு, இப்படித்தான் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றார். இப்போது வேறொருத்தியோடு ஹாங்சோவில் இருக்கிறார். எனக்குச் சந்தேகம் வராதா?

அதனால் இந்த மே தின விடுமுறையில் அவரைப் பழைய கால்வாய் ஊரான தொங்லிக்குக் கிளப்பினேன். புதுசாகக் கல்யாணமானவர்களும், அறுபத்தாறு வயதானவர்களும் அந்த ஊரின் மூன்று பாலங்களையும் நடந்து கடப்பது வழக்கம். எனக்கு இந்த வருஷம் அறுபத்தாறு. மூன்றாவது பாலத்தில் கேட்டுவிடுவது, சரியான பதில் வராவிட்டால் மகன் வீட்டுக்குப் பெட்டியைக் கட்டுவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன்.

முதல் தடவை அங்கே போனது கல்யாண விடுப்பில். சூச்சோ வரை ரயில், அங்கிருந்து படகு. தூறல். கால்வாய் ஓரம் ஈ காக்கை இல்லை. விடுதியில் கல்யாணச் சான்றிதழைக் கேட்டார்கள். இந்த மனுஷன் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். விடுதிக்காரி எங்களை ஆளுக்கொரு அறையில் போட்டுவிட்டாள். விடிந்ததும் என் ஜன்னலுக்குக் கீழே நின்று, இலையில் கட்டி அவித்த சோற்றுப் பொட்டலத்தை ஆவி பறக்கத் தூக்கிக் காட்டி, "எழுந்திரு பொண்டாட்டி!" என்று கத்தினார். எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

இப்போது எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாலங்களில் ஒருவழி நடை. "நிக்காதீங்க, நகருங்க" என்று ஒரு பெண் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தாள். அமைதிப் பாலம், மங்கலப் பாலம் இரண்டையும் தாண்டி, நெடுமகிழ்வுப் பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டேன்.

"கிழவா, நேராச் சொல்லு. என்னைத் திரும்பக் கட்டிக்கிற எண்ணம் இருக்கா இல்லையா?"

"இங்கயா கேப்ப? பின்னாடி தள்ளுறாங்க."

"தள்ளட்டும். வேற எவளாவது இருக்காளா?"

"எனக்கா? இந்த முட்டிவலியை வெச்சுக்கிட்டா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பிரியப் போன அன்னைக்கு ஆபீஸ்ல அந்தப் பொண்ணு கேட்டாளே, உங்க ரெண்டு பேருக்குள்ள இன்னும் பாசம் இருக்கான்னு. நீ படக்குன்னு இல்லைன்னு சொன்ன."

"அப்படிச் சொல்லணும்னு நீதானே சொல்லிக் கொடுத்த!"

"நான்தான். ஆனா எனக்கு வாய் வரலை, ஃபெங்ஜென். தலையை மட்டும் ஆட்டினேன். உனக்கு வந்துச்சு. கண்ணைக்கூடச் சிமிட்டலை நீ. மறுபடி அங்க போய் நின்னா அந்தக் குரல்தான் என் காதுல விழும்."

நாலு வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் எனக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டார்!

"மடையா! ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்யா. ஒரு நொடி தயங்கினாலும் அழுதுடுவேன், பையனோட வீடு போயிடும்னு பயம். வெளிய வந்ததும் கழிப்பறைக்கு ஓடினேனே, எதுக்குன்னு நினைச்ச?"

"வயித்துக் கோளாறுன்னு..."

"வயித்துக் கோளாறா!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒலிபெருக்கிப் பெண் எங்கள் பக்கம் திரும்பி, "அங்க நிக்கிற பெரியவங்க ரெண்டு பேரும் நகருங்க" என்றாள்.

"இரும்மா, கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம்!" என்றார் யாவ்ஷெங்.

பதிவு அலுவலகம் திறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. கல்யாணமாகாதவள் என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், அந்த மூன்று நாளும் அவர் கையை நான் விடவில்லை.