தலை போன ஹார்ட் டிஸ்க்

அக்காவின் தையல்கூடத்தில் எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் பழைய கணினி அன்று காலை எழுந்திருக்க மறுத்தது. மாலைக்குள் மருத்துவமனை நர்சுகளின் மேலங்கிகளில் பெயர் தைத்துக் கொடுக்காவிட்டால், அந்த வேலை இனி அவளுக்குக் கிடையாது. நான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்து, பெரிய டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினேன்.

"உள்ளே எல்லாம் பத்திரமா இருக்குக்கா. தலைப்பக்கம்தான் கெட்டுப்போச்சு. அங்க பூட்லோடர்னு ஒண்ணு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும். எல்லாத்தையும் என் லேப்டாப்ல அப்படியே ஒரு நகலா, அதாவது இமேஜா எடுத்து, புது பூட்லோடர் எழுதி, வேற டிஸ்க்ல இறக்கிட்டா முடிஞ்சுது. அரை மணி நேரம்."

அப்படிச் சொன்ன வாயில் நாலு போட வேண்டும்.

இமேஜ் எடுத்தேன். பூட்லோடரை எழுதினேன். பிழை இல்லை என்றது லேப்டாப். இமேஜைச் சோதித்தேன். பூட் ஆக எதுவும் இல்லை என்றது. மறுபடி எழுதினேன், பிழை இல்லை. மறுபடி சோதித்தேன், எதுவும் இல்லை. மதியமும் போய்விட்டது.

"என்ன மச்சான், எழுந்துட்டானா?" என்றார் அத்தான், மேலங்கிகளை மடித்தபடி.

"எழுந்துக்கிட்டே இருக்கான் அத்தான்."

"உன் வளர்ப்பு இல்ல? மெதுவாத்தான் எழுவான்."

அக்கா ஊசியில் நூல் கோத்து, முதல் பெயரைக் கையாலேயே தைக்கத் தொடங்கியிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடுப்பில் லேப்டாப்பை அணைத்து, மறுபடி ஆன் செய்தேன். கறுப்புத் திரை. தேடும் டிஸ்க் கிடைக்கவில்லையாம். அப்போதுதான் உறைத்தது. எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்ற இடத்தில், இமேஜைச் சொல்லாமல், பழக்க தோஷத்தில் ஒவ்வொரு தடவையும் என் லேப்டாப்பின் டிஸ்க்கையே சொல்லியிருக்கிறேன். அக்காவின் பூட்லோடர் என் லேப்டாப்பின் தலையில் உட்கார்ந்துகொண்டு அவள் டிஸ்க்கைத் தேடுகிறது!

"தேடுறியா? இந்தா, தேடு!" என்று பழைய டிஸ்க்கைக் கேபிளில் மாட்டி ஆன் செய்தேன்.

திரையில் அக்காவின் எம்பிராய்டரி புரோகிராம் வந்து நின்றது. மெஷினின் வயரை லேப்டாப்பில் சொருகினோம். அடுத்த பெயர் கடகடவென்று விழுந்தது.

"சரி பண்ணிட்டியாடா!"

"உன்னதைச் சரி பண்ணலக்கா. என்னதைக் கெடுத்துட்டேன். இப்ப அது எழுந்ததும் உன் டிஸ்க்கைத்தான் தேடுது."

அத்தான் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே அடங்கிப்போனது.

"எழுந்ததும் என் டிஸ்க்கைத் தேடுதா?" அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "நீயும் அப்படித்தான். கண்ணைத் திறந்ததும் அக்கா எங்கன்னு ஒரே அழுகை."

வேலை முடியும்வரை லேப்டாப்பை யாரும் தொடக்கூடாது என்றாள். 'யாரும்' என்றபோது என்னைத்தான் பார்த்தாள்.