எந்த அம்மா?

முதலில் ஜுரம்தான் வந்தது. அப்புறம் வயிற்றிலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிந்தது. "வேர்க்குரு" என்றார் என் வீட்டுக்காரர் ராமதாஸ். சித்திரை வெயிலில் புதுப்பட்டினத்தில் யாருக்குத்தான் வேர்க்குரு இல்லை? பவுடரைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பெரிய வைத்தியர்!

முகம், தலை என்று பரவிய பிறகுதான் டாக்டர் சியாமளாவிடம் போனோம். "வேர்க்குருன்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் பிரிசில்லா. இங்க பாரு, ஒண்ணு செவந்திருக்கு, பக்கத்துல ஒண்ணு தண்ணி கோத்திருக்கு, இன்னொண்ணு பொருக்கு கட்டுது. சின்னம்மை. பெரியவங்களுக்கு வந்தா முரட்டுத்தனமா வரும். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தா ஒடனே ஓடியாந்துடு" என்றார்.

பாயில் படுத்தேன். சுவர் மெல்ல அசைந்தது. கடல் சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது. பயமாகவே இல்லை.

அவர் பூத்துக்குப் போய், கடப்பாக்கம் டீக்கடைக்கு போன் போட்டிருக்கிறார். "வூட்ல அம்மா வந்துகீறாங்க, திருவிழாவுக்கு வர முடியாதுன்னு எங்கண்ணன்கிட்ட சொல்லிடு." அம்மையை எங்கள் பக்கத்தில் பேர் சொல்ல மாட்டார்கள், அம்மா என்பார்கள். வியாபார அவசரத்தில் டீக்கடைக்காரருக்கு அது புரியவில்லை. நேராக என் மாமியார் செங்கம்மாளிடம் போய், "உன் மருமவளோட அம்மா வந்துகீறாங்களாம்" என்று வத்தி வைத்துவிட்டார்.

மகன் என்னைச் சர்ச்சில் வைத்துக் கட்டியதிலிருந்து அத்தை எங்கள் வாசலை மிதித்ததில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

ஜுரத்தில் ஒரு குரல் கேட்டது. "எங்கடி உங்கம்மா? என்னை வான்னு ஒரு வார்த்த கூப்ட்டியா? பெத்தவள மட்டும் கூட்டியாந்து வச்சிகினு கீற!"

கடல்தான் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு திட்டுகிறது என்று நினைத்தேன். "எனக்கேது அம்மா? எனக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டாங்களே" என்று கடலிடம் சொல்லி அழுதேன்.

கடல் அடங்கிப்போனது. அத்தை வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"அய்யய்யோ, இந்த அம்மாவா?"

அம்மா இருக்கிற வீட்டுக்குள் வந்தவர்கள், படுத்திருப்பவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்காமல் போகக்கூடாது. அத்தை இன்னும் நிலைப்படிக்கு வெளியேதான் நின்றாள். திரும்பிப் போயிருக்கலாம். உள்ளே வந்து பையை வைத்தாள்.

"எனக்கு அப்பவே வந்து போச்சு. டேய் ராமதாசு, உனக்கு வந்ததே இல்ல. நீ வெளிய படு!" மகனைத் துரத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த டாக்டரம்மா குட்த்த மாத்தரயும் முழுங்கு. வேப்பிலை பாட்டுக்கு வேப்பிலை இருக்கட்டும். அதுக்கின்னா இப்ப?" சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். வேப்பங்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இரவெல்லாம் வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டிருந்தாள். நான் இருமும்போதெல்லாம் மார்பில் காதை வைத்து மூச்சைக் கேட்டாள். தாய் மடி எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொருக்கெல்லாம் உதிர்ந்து, மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அத்தை புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பொன்னி வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, அம்மா போயிட்டாங்களா?"

நான் அத்தையின் பையைப் பார்த்தேன்.

"எங்க போறது?" என்றாள் அத்தை, பையிலிருந்து புடவையை எடுத்துக் கொடியில் போட்டபடி. "இங்கதான் கீறாங்க. போயி உன் வேலயப் பாரு."