அரம் வழுக்கும் இடம்

புதுக் கத்தி கோவிந்தம்மாவிடம் இரண்டு காலைகூடத் தாங்கவில்லை. காசிமேட்டில் மீன் வெட்டிக்கொடுக்கும் பெண்களில் அவளுக்குத்தான் கூட்டம் அதிகம். கத்தியைத் திருப்பி நீட்டியபோது அவள் திட்டவில்லை. "முன்ன ஒண்ணு குட்த்தியே, அது கத்தி. இது இன்னாமோ கீது," என்று மட்டும் சொன்னாள்.

ஹில்டா அதை வாங்கிக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்தாள். கூரான கத்தி நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். மழுங்கிய கத்தி வழுக்கிப் போகும். இது வழுக்கியது. கத்தியை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். மீன் வெட்டினேன், வேறென்ன செய்வேன் என்றாள் கோவிந்தம்மா. பக்கத்துக் கடைகளிலும் அதே கதை. ஹில்டா கொடுத்திருந்த ஒரு டஜன் கத்திகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

'செதில்' என்ற அந்தக் கத்தி நிறுவனத்தில் இரண்டே பேர்: ஹில்டா, அவள் தம்பி ஜெரி. ராயபுரத்தில் அவர்கள் வீட்டு மாடிதான் அலுவலகம். கத்தியை வரைவது ஹில்டா. மீன் வெட்டும் கத்திக்கு இரண்டு வேலை உண்டு. தலையெலும்பை உடைக்கக் கைப்பிடிப் பக்கம் கனமாக இருக்க வேண்டும். தோலுக்கும் சதைக்கும் நடுவே நழுவிப் போக முனைப்பக்கம் வளைந்துகொடுக்கும் அளவுக்கு மெலிசாக இருக்க வேண்டும். ஒரே தகட்டில் இரண்டையும் கொண்டுவர அவள் அட்டையிலும் மரத்திலும் வெட்டிப் பார்த்த மாதிரிகள் ஒரு கோணிப்பை நிறையக் கிடந்தன.

செய்வது சீனாவில். அங்கே தெற்குக் கடலோரத்து ஊர் ஒன்றில் தெருவுக்குத் தெரு கத்தி ஆலைதான். தண்டையார்பேட்டைப் பட்டறைகளில் தகடு வெட்டித் தருவார்கள், தேய்த்தும் தருவார்கள். ஆயிரக்கணக்கான கத்திகளை ஒரே சூட்டில் வைத்து, ஒன்றுபோல எடுத்துத் தரும் உலை அவர்கள் தேடியவரை அகப்படவில்லை. பெட்டியின் முன்பக்கம் 'ராயபுரத்தில் வரைந்தது' என்று பெரிதாகவும், பின்பக்கம் 'சீனத் தயாரிப்பு' என்று பொடியாகவும் அச்சிட்டிருந்தார்கள். பொடியாகப் போடுவது ஜெரிக்குப் பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிற மாதிரி இருக்கிறது என்றான்.

ஆலையோடு பேசுவதும் நேரில் போய்ப் பார்ப்பதும் ஜெரியின் பொறுப்பு. முதல் மாதிரிக் கத்தியை அவன்தான் கொண்டுவந்தான். கோவிந்தம்மா பல மாதம் புகழ்ந்துகொண்டே இருந்தது அதைத்தான். பிறகு மொத்தச் சரக்குக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். அது தயாரானதும் ஜெரி மறுபடி போய், பெட்டிகளிலிருந்து ஒரு டஜனை எடுத்து வந்தான். மீதி கன்டெய்னரில் ஏறிக் கடலில் இருந்தது. அந்த டஜன்தான் இப்போது காசிமேட்டில் மழுங்கிப்போய்விட்டது.

எஃகின் குணம் சூட்டில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் அது கடினமாகும், ஆனால் கண்ணாடிபோல உடையும். அதனால் இளஞ்சூட்டில் மறுபடி ஒருமுறை வாட்டுவார்கள். எந்த அளவு வாட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கூர் நிற்பதும் நிற்காததும். மட்டமான எஃகைப் போட்டாலும், வாட்டுவதில் சிக்கனம் பிடித்தாலும், வெளியே பார்க்க எல்லாக் கத்தியும் ஒரே பளபளப்புத்தான். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இந்தத் தொழிலில் சந்தேகம் சுலபமாக வரும்.

அரத்தால் கண்டுபிடிக்கலாம். அரம் கடினமான எஃகின்மேல் பிடிப்பில்லாமல் கண்ணாடியில் போவதுபோல வழுக்கும். மிருதுவான எஃகைச் சுரண்டித் தூள் எடுக்கும். ஹில்டா கோவிந்தம்மாவின் கத்தி விளிம்பில் அரத்தை வைத்து ஒரு இழு இழுத்தாள். துணியில் சாம்பல்நிறத் தூள் விழுந்தது.

எஃகை மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள். அடுத்த கேள்வி தானாக வந்தது: ஜெரிக்குத் தெரியாமலா?

போன பயணத்திலிருந்து அவன் தோளில் ஒரு தோல்பை தொங்கிக்கொண்டிருந்தது. ஆலைக்கும் அவர்களுக்கும் நடுவே நின்று பேசும் தரகர் லின் கொடுத்தது என்று சொல்லியிருந்தான். அப்போது அழகாகத் தெரிந்த பை இப்போது வேறு மாதிரி தெரிந்தது. ஆலை மலிவு எஃகைப் போட, தம்பி பேசாமல் தலையாட்டியிருந்தால்? கப்பல் துறைமுகத்துக்கு வருவதற்குள் இதை அவள் முடிவு செய்தாக வேண்டும். உண்மை என்றால் சரக்கைத் திருப்பிவிடலாம். ஆனால் தம்பியோடு சேர்ந்து இனி ஒரு கத்திகூடச் செய்ய முடியாது.

அவனிடம் கேட்கவில்லை. லின்னுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: எஃகை மாற்ற என் தம்பி ஒப்புக்கொண்டானா? நான் கேட்டது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

லின் பதில் போடவில்லை. ஆனால் அதற்கு அடுத்த நாளிலிருந்து ஜெரி லின்னிடம் பேச மொட்டைமாடிக்குப் போக ஆரம்பித்தான். இதுவரை ஸ்பீக்கரில் போட்டு, அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசியவன். மேலே அவன் நடக்கும் சத்தம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய் வந்தது. பேச்சு கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, காசிமேட்டில் கத்தி எப்படி இருக்கிறதாம் என்று கேட்டான். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவன் பாதிச் சாப்பாட்டிலேயே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். ஹில்டாவுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கப்பல் வந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்டைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஆலையோடு சண்டை போட ஆதாரம் சேர்ப்பதற்காகக் காசிமேட்டுக்குப் போனாள். ஒவ்வொரு கத்தியிலும் அரம் போட்டு வீடியோ எடுத்துக்கொள்வதாக எண்ணம்.

கோவிந்தம்மாவின் பலகையில் ஈரம். அரம் கை நழுவி, விளிம்பை விட்டு மேலே ஏறியது. ஏறிய இடத்தில் சுரண்டவில்லை. கிரீச்சென்று வழுக்கியது.

ஹில்டா நிதானித்தாள். கத்தியைத் துடைத்துவிட்டு முதுகிலிருந்து விளிம்பை நோக்கி அரத்தை மெல்ல இறக்கினாள். வழுக்கியது. நடுவிலும் வழுக்கியது. கடைசியில், விளிம்பை ஒட்டி நகத்தின் வெள்ளை அகலத்துக்கு மட்டும், பிடித்துச் சுரண்டியது. மட்டமான எஃகு என்றால் முதுகிலிருந்தே சுரண்டியிருக்கும். உலையில் தப்பு என்றாலும் கத்தி முழுக்கத்தான் தப்பாக இருக்கும், கத்தி முழுவதும் சேர்ந்துதானே உலைக்குள் போகிறது. விளிம்புக்கு மட்டும் தனியாக என்னவோ நடந்திருக்கிறது. அது ஆலையை விட்டு வந்த பிறகு நடந்ததாகவும் இருக்கலாம்.

மீன் வெட்டுவதற்கு முன்னால் இதை எங்கேயாவது கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

"சாண புட்ச்சேன்," என்றாள் கோவிந்தம்மா. "புதுக் கத்திய அப்படியே யாராச்சும் எத்தினு வருவாங்களா? இன்னாம்மா கேக்குற நீ."

அங்கே எந்தப் பெண்ணும் கடையில் வாங்கிய கத்தியைச் சாணை பிடிக்காமல் மீனில் வைப்பதில்லை. கடைக் கத்தி மொண்ணையாகத்தான் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அது கத்திக்குச் 'செய்த' ஒரு வேலையாகவே அவர்களுக்குத் தோன்றாது. அன்றைக்குக் கேட்டபோது கோவிந்தம்மா பொய் சொல்லவில்லை. முதல் மாதிரிக் கத்தி மட்டும் எப்படித் தப்பியது? அது ஹில்டாவின் பொருள். வாராவாரம் வாங்கிப்போய் அவளே தண்ணீர் தொட்டுக் கல்லில் தீட்டிக் கொடுத்தாள். இந்த டஜனை உங்களுக்கே என்று கொடுத்துவிட்டாள். சொந்தக் கத்திக்கு என்ன செய்வார்களோ அதை அவர்கள் செய்தார்கள்.

சாணை பிடிக்கும் சௌக்கத் அலி ஏலக்கூடத்துக்கு வெளியே, மோட்டார் பொருத்திய சக்கரத்தோடு இருந்தார். ஹில்டா கேட்டுக்கொண்டதும் ஒரு கத்தியைச் சக்கரத்தில் வைத்துக் காட்டினார். பொறி பூவாகக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் விளிம்பில் வைக்கோல் நிறம் ஓடி, பின்னாலேயே மெல்லிய நீலம் படர்ந்தது. அவர் பழக்கப்படி அதைத் துணிச் சக்கரத்தில் காட்டினார். நீலம் போய்ப் பளபளப்பு வந்தது.

எஃகு நீலமானால் வாட்டிய பதம் போயிற்று என்று பொருள். கனமான இரும்பில் பட்ட சூடு உள்ளே பரவிப் போய்விடும். மெலிசான விளிம்பில் அதற்குப் போக இடம் கிடையாது. தணலில் வாட்டும் அப்பளத்தில் ஓரம் முதலில் கருகுவது போலத்தான்.

"அருவாமனைக்கும் இப்டித்தான் வெப்பேன்," என்றார் சௌக்கத் அலி. "அது தடி இரும்பு, தாங்கும். இது காயிதமாட்டம் கீது. தண்ணி தொட்டு வெக்கணும்னு சொல்லியிருந்தா வெச்சிருப்பேன்மா."

சொல்லியிருக்க வேண்டியது ஹில்டா. பெட்டியில் அப்படி ஒரு வரி கிடையாது.

வீட்டுக்கு வந்து ஜெரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நீலத்தை, அரம் வழுக்கிய இடத்தை, அப்பளத்தை. லின்னுக்கு அனுப்பிய செய்தியை மட்டும் சொல்லவில்லை. அவன் கடைசிவரை கேட்டான். பிறகு தன் ஃபோனைத் தேடி எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவளுடைய செய்தி அப்படியே இருந்தது. அவள் அனுப்பிய அன்றே லின் அதை அவனுக்கு அனுப்பியிருந்தார்.

"கத்தியாண்ட கேட்ட. லின்னாண்ட கேட்ட," என்றான். "என்னாண்ட மட்டும் கேக்கல. கேப்ப கேப்பன்னு பாத்துகினே இருந்தேன்."

மொட்டைமாடியில் அத்தனை நாளும் அவன் பேசியது அதைப் பற்றித்தான். அக்கா மேல் தப்பில்லை, பதில் எதுவும் போடாதீர்கள், அவள் என்னிடமே கேட்பாள் என்று லின்னிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். ஹில்டா அவன் சொல்வதை நம்பினாள். நம்பினோமா என்று உடனே தன்னையே கேட்டுக்கொண்டாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சரக்கை விடுவித்துத் தண்டையார்பேட்டையில் வாடகைக்கு எடுத்த குடோனில் இறக்கினார்கள். லாரி போனதும் ஜெரி முதல் பெட்டியைப் பிரித்து ஒரு கத்தியை உருவினான். தோல்பையிலிருந்து அவளுடைய அரத்தை எடுத்து நீட்டினான்.

"போட்டுப் பாருக்கா."

"வேணாண்டா."

"நான் இல்லாதப்ப வந்து போடுவ. இப்பவே போட்டுக்கோ."

அவள் அரத்தை வாங்கி விளிம்பில் வைத்து இழுத்தாள். வழுக்கியது. குடோன் தகரக் கூரையில் அந்தக் கிரீச் பட்டுத் திரும்பியது. சரியாகத்தான் இருக்கிறது, எடுத்து வை என்றாள். அவன் எடுத்து வைக்கவில்லை. அடுக்கின் அடியில் இருந்த பெட்டியை இழுத்துப் பிரித்து, அதிலிருந்து ஒன்றை நீட்டினான். அதுவும் வழுக்கியது. போதும் ஜெரி என்றாள். அவன் அடுத்த பெட்டியின் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தான்.