ஒற்றைச் செருப்புக்காகத் திரும்பிய ரயில்

1

எங்கள் ஊரில் ஒருமுறை, ஒரு சின்னப் பையனின் ஒற்றைச் செருப்பை எடுப்பதற்காக, இருபத்து நான்கு பெட்டி ரயில் ஒன்று அடுத்த ஊரின் வாசல்வரை போய்விட்டுப் பின்னோக்கியே திரும்பி வந்தது.

நம்ப வேண்டாம். இதுவரை யாரும் நம்பியதில்லை. நம்பாதவர்களுக்குத் தலைவர் இப்போது சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில், கையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்பந்தி, மருமகளின் அப்பா.

இந்தக் கதையை எழுதுபவர் ஓய்வுபெற்ற எடைக்காரர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலை. வேலைக்காலம் முழுக்கக் குன்றிமணி அளவுகூடக் கூட்டிச் சொல்லாதவர், ஓய்வுபெற்ற மறுநாளே மொத்தத்தையும் சேர்த்துக் கூட்ட ஆரம்பித்தார். அந்தப் பையனும் அவர்தான். “நான்” என்று எழுதலாம். ஆனால் மருமகள் தடை போட்டிருக்கிறாள். “போன வருஷக் கட்டுரையில ‘நான்’ மட்டுமே ஒரு பக்கம் வந்துச்சு மாமா.” அதனால் எடைக்காரர் இங்கே படர்க்கையில் உலவுகிறார். (முதல் வரியின் “எங்கள்” என்பதற்குள் ஒரு “நான்” பதுங்கியிருப்பதை அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.)

2

கதை பிறந்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது மரியாதை.

பிள்ளைகள் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு நகரத்தில் ரயில்கள் நொடி தவறுவதில்லை. போன வாரம் எடைக்காரரும் சம்பந்தியும் படியிறங்கி ஓடினார்கள். கதவு மூடிக்கொண்டது. எடைக்காரரின் மூக்குக்கும் கதவுக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. (இது மிகையல்ல. மூக்கின் தடம் கண்ணாடியில் பதிந்து அடுத்த நிலையம்வரை பயணம் செய்தது. இது மிகை.)

“எங்க ஊரா இருந்தா திரும்பி வந்திருக்கும்” என்றார் எடைக்காரர், மூச்சு வாங்கியபடி.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா, சம்பந்தி? தப்பா நினைச்சுக்காதீங்க. பேரப்பிள்ளை பிறக்கப்போற நேரம். இன்னுமா அந்தச் செருப்புக் கதை?”

“கதையா? நடந்ததுங்க!”

“ஆதாரம்?”

சம்பந்தி கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். காலை வணக்கம் சொன்னாலும் காலைதானா என்று ஜன்னலைப் பார்ப்பார். அவருடைய ஊர், எடைக்காரர் ஊருக்கு அடுத்த நிலையம். இரண்டு ஊருக்கும் ஆகாது. சம்பந்தம் பேசிய அன்றே மாப்பிள்ளை, பெண் பற்றிப் பத்து நிமிடமும், எந்த ஊர்த் தண்ணீர் இனிப்பு என்பதைப் பற்றி மீதி நேரமும் பேசினார்கள். ரயில் கதையையும் எடைக்காரர் அன்றுதான் அவரிடம் முதன்முதலில் அவிழ்த்துவிட்டார். சம்பந்தி முகம் சுண்டிப்போய், “இருக்கவே முடியாது” என்றார். ஐந்து வருடமாக அதே பதில்.

அன்று மாலையே மருமகள் கேட்டாள். இந்தியர் சங்கம் போடும் மலருக்கு “என் நாடு, என் ஊர்” என்று ஒரு கட்டுரை வேண்டுமாம், தொகுப்பவள் அவள்தான். “ஆனா அப்பா படிச்சு ‘சரி’ன்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும். இல்லைன்னா உங்க பக்கத்துல பல் டாக்டர் விளம்பரம்.”

கெடு இன்று மாலை. அவள் அலுவலகத்திலிருந்து வருவதற்குள்.

3

தொடக்கம் ஒன்று: “பொழுது புலரும் இனிய வேளையில், இலைநுனியில் பனித்துளி—”

“போன தடவை மத்தியானம்னு சொன்னீங்க” என்றார் சம்பந்தி.

தொடக்கம் இரண்டு: “உலகுக்கே வழிகாட்டிய தொன்மைமிகு பாரதத் திருநாட்டின்—”

மைக் சோதிப்பதுபோல் இருக்கிறது. எடைக்காரரே அடித்துவிட்டார்.

தொடக்கம் மூன்று: ரப்பர் செருப்பு. நீல வார். புதுசு.

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

பையனுக்கு ஏழு வயது. அம்மா கையைப் பிடித்து ரயிலேறும்போது இடது செருப்பு நழுவி நடைமேடையில் விழுந்தது. அதைச் சொல்வதற்குள் விசில், புகை, கிளம்பியாகிவிட்டது. பையன் அழுதான். (அந்த அழுகையில் எஞ்சின் தன் விசில்தானோ என்று குழம்பியது. பென்சில் இதை அடிக்கிறது. அடிக்கட்டும்.)

முதலில் எதிர் இருக்கைக்காரர், “என்னம்மா, பிள்ளையைக் கிள்ளினீங்களா?” என்றார். விவரம் தெரிந்ததும், அதைப் பின்னால் இருப்பவருக்குச் சொன்னார். அவர் அதற்குப் பின்னால். ஒருத்தர், அடுத்த ஊரில் இறங்கி நடந்து போகலாம் என்றார். “ஒத்தக் கால் செருப்போட பிள்ளை எப்படிங்க நடக்கும்?” என்று ஓர் அம்மா சண்டைக்குப் போனாள். சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். யாரோ சங்கிலியை இழுத்தார்கள்.

கார்டு வந்து, “யாரு இழுத்தது?” என்று கத்தினார். மொத்தப் பெட்டியும், “நாங்கதான்!” என்றது. அவர் பையனின் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்துக்கொண்டார். எஞ்சின் பக்கம் நடந்துபோனார்.

ரயில் பின்னால் நகர்ந்தது.

நம் நாட்டின் பெருமை என்று இதே மலரில் ஒரு டாக்டர் பூஜ்யத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்னொருவர் கோபுரங்களைப் பற்றி. நல்லது. எடைக்காரருக்குத் தெரிந்த பெருமை இவ்வளவுதான்: ஒரு பையனின் செருப்பு, முகம் தெரியாத ஒரு பெட்டி ஜனத்துக்குச் சொந்தக் கவலையாகிவிடும். இந்த நகரத்து ரயிலில் அவர் ஒருமுறை தும்மினார். பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

3 (மறுபடியும்; நாலுக்குப் போகத் தயக்கம்)

ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கார்டு மேல் அல்ல. அவருக்கு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மீசை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டிகளும் ஆரம்பத்தில் இருபத்து நான்கு அல்ல. எத்தனை என்று இப்போது நினைவில்லை. சந்தேகம் அந்தப் பையன்மேல்தான்.

எடைக்காரர் தம் வேலையில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். எடையில் ஏமாற்றக் கடைக்காரன் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி ஒட்டி எடுப்பான். கொஞ்ச காலத்தில் வெறும் தட்டு எங்கே நிற்கும் என்பது தராசுக்கே மறந்துபோகும். இப்போது அவருக்கும் அப்படி. அம்மா இருந்தவரை, “ஆமாடா, அன்னைக்கு என் மானத்தை வாங்கினியே” என்பாள். அம்மா போய்விட்டாள். அந்த வழியில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். நிலையத்துக் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ரயில் திரும்பி வரவில்லையென்றால் அந்த ஊரில் அப்படி என்னதான் மிச்சம்? ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், நிறையப் புழுதி.

நிஜமாகவே நடந்ததா, இல்லை அவரே—

இந்த வாக்கியத்தை எடைக்காரர் முடிக்கவில்லை. சம்பந்தி அதைப் படித்தார். அடிக்கவும் இல்லை. பென்சிலை ஒருமுறை உருட்டிவிட்டு, “தண்ணி வேணுமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

4

முடிவுகள். வாசகருக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அ. பையன் செருப்பை எடுத்துக்கொண்டான். ரயில் கிளம்பியது. முற்றும். (சப்பென்று இருக்கிறது.)

ஆ. நடைமேடையில் செருப்பு இல்லை; கொடி காட்டுபவர் அதைத் தம் நாற்காலியில் வைத்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். (சம்பந்தி ஓரத்தில் “ஈ?” என்று குறித்திருக்கிறார்.)

இ. எல்லாவற்றையும் எடைக்காரர் கற்பனை செய்தார் என்று ஒப்புக்கொள்கிறார். பல் டாக்டர் வாழ்க.

ஈ. இருபத்து நான்கு பெட்டியும் ஆடி அசைந்து மறுபடி முன்னேறி அடுத்த ஊரை அடைந்தபோது, இந்த அதிசயத்தைக் கண்ட அவ்வூர் மக்கள் ஆனந்தக் கண்ணீர் பெருக்கிப் பூமாரி பொழிந்து—

“பூவா?”

பென்சில் மேசைமேல் விழுந்தது.

“என்ன சம்பந்தி?”

“யாரு பூப் போட்டது? எங்க ஊர்லயா? உங்க ரயிலுக்கா?”

“அலங்காரம்தானே, ஒரு அழகுக்கு...”

“என்னங்க அழகு! எங்கப்பா தலையில பெட்டியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னாருங்க! ரயிலு சிக்னல் கம்பம் வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் முன்னால வந்தா எங்க ஊரு. அப்படியே நின்னுது. அப்புறம் பின்னாடி போகுது. எங்க கண்ணு முன்னால! அதுவும் இருபத்து நாலு பெட்டியா? நாலு! நாலே நாலு பெட்டி!”

சமையலறையில் துவைக்கும் இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. எடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க... அங்க இருந்தீங்களா?”

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டார்.

“அதுதாங்க எனக்கு முதல் ரயிலு. சட்டைகூடப் புதுசு. ‘ஏம்பா திரும்பிப் போகுது?’ன்னு கேட்டேன். எங்கப்பா சிரிச்சுக்கிட்டே, ‘உன் மூஞ்சியைப் பார்த்துப் பயந்துடுச்சுடா’ன்னாரு. விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. நான் நம்பிட்டேன். அதுக்கப்புறம் அது வந்துச்சு. ஏறலாம்னு போனா, ஜன்னல்ல ஒரு பொடியன். நீல வார்ச் செருப்பை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து ஈன்னு பல்லைக் காட்டறான்.”

“அது நான்தானுங்க!”

“தெரியும். சம்பந்தம் பேச வந்தீங்களே, அன்னைக்குக் கதையைச் சொல்லிட்டுச் சிரிச்சீங்க. அதே பல்லு.”

“ஐஞ்சு வருஷமா தெரிஞ்சுமா...”

“எப்படிங்க ஒத்துக்குவேன்? ஒத்தச் செருப்புக்காக எங்க ஊரையே வேண்டாம்னுட்டுப் போன ரயிலுங்க அது!”

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மருமகள். கைப்பையைக்கூட இறக்காமல், “என்னப்பா, மாமா எழுதினது சரியா? அனுப்பிடலாமா?” என்றாள்.

(வாசகரே, முடிவு இனி எடைக்காரர் கையில் இல்லை. உங்கள் கையிலும் இல்லை.)

சம்பந்தி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பூமாரியை அடித்தார். இருபத்து நான்கை அடித்து நான்கு என்று போட்டார். ஈயை மட்டும் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். பிறகு, மகளைப் பார்க்காமல், எடைக்காரரின் பல்லையும் பார்க்காமல் சொன்னார்:

“அனுப்பும்மா. நடந்துச்சு.”